அட்டை எடுக்கிற டாக்டர்

1

போன சித்திரையில் ஒரு படம் வந்தது. வேலைக்குப் போகிற பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். இங்கிலாந்தின் வடக்குப் பக்கம் எங்கள் ஊர். மழையா, வெறும் ஈரமா என்று சொல்ல முடியாத ஒரு காலை. அண்ணன் அனுப்பியிருந்தார். பரளச்சிக்குப் பக்கத்தில் எங்கள் கிராமத்து ஐயனார் கோயில் வாசல். பொங்கல் பானை, வாழை இலை, உடைத்த தேங்காய். தேங்காயை ஒட்டி, இலையின் மேலேயே, அரசாங்கம் கொடுத்த மருத்துவக் காப்பீட்டு அட்டை. அதற்குச் சந்தனம் தடவி, நடுவில் குங்குமப் பொட்டு வைத்திருந்தார்.

கூடவே குரலும் வந்தது. "ஏத்தா, நெஞ்சுல கம்பி வச்சு இன்னையோட ஒரு வருசம் ஆச்சு. சாமிக்குப் பொங்க வச்சேன். அட்டைக்கும் ஒரு பொட்டு வச்சேன். ஒத்தப் பைசா வாங்காம உசுரைக் குடுத்திருக்குல்ல, அதுவும் சாமிதான."

எனக்குச் சிரிப்பு வந்தது. அந்த அட்டை அவருக்காக ஒரு பைசாவும் கொடுக்கவில்லை. பணம் கட்டியது நான். அது அவருக்குத் தெரியாது. தெரியக் கூடாது என்று பார்த்துப் பார்த்துப் பொய் சொன்னவளும் நான்தான்.

ஊரிலிருந்து இதைப் படிக்கிற நீங்கள் உடனே என்னை மெச்சத் தொடங்கிவிடாதீர்கள். முழுசாகப் படித்துவிட்டு அப்புறம் சொல்லுங்கள்.

2

என் அண்ணன் பெயர் வேல்ச்சாமி. மானாவாரி சம்சாரி, மழையை நம்பிப் பயிர் வைக்கிறவர். மிளகாய், மல்லி, குதிரைவாலி. மழை ஏமாற்றினால் கருவேல மரத்தை வெட்டிக் கரிமூட்டம் போடுவார். அப்பா இறந்தபோது நான் பள்ளிக்கூடத்தில் படித்துக்கொண்டிருந்தேன். என்னைப் படிக்கவைத்து, நகை போட்டுக் கட்டிக்கொடுத்து, மதுரை விமான நிலையம் வரைக்கும் வந்து வழியனுப்பியவர் அவர்.

போன வருஷம் பங்குனியில் களத்தில் மிளகாய் வற்றலைக் கிளறிக்கொண்டிருந்தபோது நெஞ்சு அடைத்திருக்கிறது. வாயு என்று சொல்லிப் பூண்டுப்பால் குடித்தார். சோடா குடித்தார். எங்கள் பக்கம் மாரடைப்புக்கு முதல் வைத்தியம் சோடாதான். வலி நிற்காததால் அவர் மனைவி, என் மதினி, அழுது அடம்பிடித்து அருப்புக்கோட்டைக்குக் கூட்டிப்போனார். அங்கே ஈ.சி.ஜி. எடுத்துப் பார்த்த டாக்டர் காகிதத்தை மடித்துக் கையில் கொடுத்து, "லேட் பண்ணாமப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார்.

சர்க்கார் ஆஸ்பத்திரியில் குழாய் விட்டுப் பார்த்தார்கள். அங்கிருந்த டாக்டரம்மா பொறுமையாகத்தான் பேசியிருக்கிறார். "ரெண்டு எடத்துல அடைப்பு இருக்குங்கய்யா. ஸ்டென்ட்னு கம்பி வைக்கணும். உங்களுக்கு முன்னாடி எத்தனையோ பேரு இருக்காங்க. ஆடிக்கு அப்புறம்தான் தேதி தர முடியும். அதுவரைக்கும் மாத்திரையை விடாதீங்க. வெயிட்டு தூக்காதீங்க. மூச்சு வாங்குச்சுன்னா பக்கத்துல எங்க முடியுமோ அங்க போயிருங்க."

ஆடிக்கு அப்புறம். அப்போது பங்குனி.

அண்ணனே எனக்குப் போன் போட்டார். "அட்டை இருக்கு தாயி. தனியார்லயும் அட்டை எடுக்குற எடம் இருக்காம். நெஞ்சுக்கு எந்த டாக்டரு எடுக்காருன்னு நமக்கு என்ன தெரியும்? நீ படிச்ச பிள்ளை. நாலு எடத்துக்குப் பேசிப் பாத்துச் சொல்லு" என்றார். குரல் சாதாரணமாக இருந்தது. எந்தக் கடையில் நல்ல விதை கிடைக்கும் என்று கேட்பவர் மாதிரி கேட்டார்.

3

நான் இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிறேன். வெள்ளைக்காரக் கிழவர்களுக்கு மாத்திரை கொடுப்பது, குளிப்பாட்டுவது, சோறு ஊட்டுவது. காலை ஷிஃப்ட் முடிந்து வீட்டுக்கு வந்தால் ஊரில் சாயங்காலம் ஆகியிருக்கும். ஆஸ்பத்திரி கவுண்டர்கள் மூடுவதற்குள் அடுப்படியில் நின்றபடியே போன் போட ஆரம்பித்தேன்.

முதல் ஆஸ்பத்திரி: "கார்டு எடுக்குறோம் மேடம். கண்ணுக்கும் எலும்புக்கும் மட்டும். ஹார்ட்டுக்கு இல்ல."

அடுத்தது: "ஹார்ட்டுக்கு உண்டு. ஆனா ஹார்ட் டாக்டர் வேலையை விட்டுட்டுப் போயிட்டாரு. புதுசா வர்றவருக்கு அப்ரூவல் வரணும்." எப்போது வரும் என்று கேட்டேன். "அது எங்க கையிலயா இருக்கு?" என்றார்கள்.

இன்னொரு இடத்தில் ஒருவர் தேனொழுகப் பேசினார். "தாராளமா எடுக்குறோம் மேடம். ஆனா கார்டுல வர்றது வேற கம்பி. நல்ல கம்பி வேணும்னா டிஃபரன்ஸ் நீங்க கட்டணும்."

"அப்ப கார்டுல வர்றது கெட்ட கம்பியா?"

"அப்படி நாங்க சொல்லல மேடம்."

சொல்லவில்லையாம்! என்ன சாமர்த்தியம் பாருங்கள்.

இதற்கு மேல் என் வாய் வேறு சதி செய்தது. இத்தனை வருஷம் இங்கே இருந்ததில் வார்த்தைக்கு வார்த்தை 'ப்ளீஸ்' வருகிறது. குறுக்கே பேசினால் 'சாரி' வருகிறது. எதிர்முனையில் இருக்கிறவர்களுக்கு உடனே மூக்கில் வேர்த்துவிடும். போனில் வெளிநாட்டு நம்பர் வேறு விழுகிறது. ஒரு பெண் வாய்விட்டே சிரித்துவிட்டாள். "மேடம், யூ.கே.ல இருந்து பேசுறீங்க, கவர்மெண்ட் கார்டு எடுப்பீங்களான்னு கேக்குறீங்க! எங்ககிட்ட என்.ஆர்.ஐ. பேக்கேஜ் இருக்கு. ஏர்போர்ட் பிக்அப்போட சேத்து. சொல்லவா?"

நோயாளி நான் இல்லை, பரளச்சிப் பக்கம் கரிமூட்டம் போடுகிற ஒரு சம்சாரி, அவருக்கு ஏர்போர்ட் எந்தத் திசை என்றுகூட மறந்திருக்கும் என்று சொன்னேன். அவள் கேட்கவில்லை. எனக்கும் அதற்குமேல் சண்டை போடத் தெம்பில்லை.

இங்கே மட்டும் என்ன வாழ்கிறது என்று கேட்பீர்கள். எனக்கும் கொஞ்ச நாளாகப் படபடப்பு இருக்கிறது. இங்கே யாரும் அட்டை கேட்பதில்லை. காசும் கேட்பதில்லை. அதில் குறை சொன்னால் என் நாக்கு அழுகிவிடும். இதய டாக்டரிடமிருந்து கடிதம் வரும், காத்திரு என்றார்கள். கடிதம் வரவே இல்லை. வரவேற்பில் இருக்கிற பெண் ஒவ்வொரு முறையும் ஒரே கேள்வியைக் கேட்கிறாள். வலி பத்துக்கு எத்தனை? எங்கள் ஊரில் வலிக்கு யாரும் மார்க் போட்டதில்லை. நான் ஏதோ ஒரு எண்ணைச் சொல்லிவிட்டு வருகிறேன். நான் சொன்ன எண் அவளுக்குப் போதவில்லை போலிருக்கிறது. ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இங்கே எனக்கு முன்னால் வரிசையில் நிற்பவனிடமும் காசு கேட்பதில்லை. அவன் கழுத்தையும் யாரும் பார்ப்பதில்லை.

4

கழுத்து என்று ஏன் சொன்னேன் என்றால், மதினியின் கதை அப்படி.

போனில் பேசிக்கொண்டிருந்தால் காரியம் ஆகாது, நேரில் போய்க் கேளுங்கள் என்று நான்தான் மதுரைக்கு அனுப்பினேன். ஹார்ட்டுக்கு அட்டை உண்டு என்று ஓர் ஆஸ்பத்திரியில் போனில் வாயளவுக்கு ஒத்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன், மதினி, துணைக்கு மதினியின் தம்பி. மூன்று பேரும் வெள்ளன கிளம்பினார்கள்.

மதினி எப்படிப் போனார் தெரியுமா? பட்டுச்சேலை. கழுத்தில் இரண்டு வடச் சங்கிலி, ஒரு நெக்லஸ். கையில் வளையல். மதினியின் சொந்த நகையெல்லாம் விதைக்கும் உரத்துக்கும் பேங்கில் அடகில் கிடக்கிறது. போட்டுக்கொண்டு போனது மொத்தமும் பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியது. ஏன் மதினி இப்படிச் செய்தீர்கள் என்று பிறகு கேட்டேன். "நீ என்ன தாயி இப்படிக் கேக்குற! புருசன் படுத்திருக்கப்ப, கழுத்து மூளியா ஆஸ்பத்திரி வாசப்படி ஏறுவாகளா? நானே அச்சாரம் குடுத்த மாதிரி ஆகிப்போகாதா?" என்றார்.

கவுண்டரில் இருந்தவர் அட்டையைப் பார்த்தார். மதினியின் கழுத்தைப் பார்த்தார். அண்ணனின் தேய்த்த வெள்ளை வேட்டியையும் பார்த்திருப்பார். "இவ்வளவு நகையைப் போட்டுக்கிட்டு ஃப்ரீ கார்டை நீட்டுறீங்களேம்மா" என்று கேட்டுவிட்டார்.

மதினியின் தம்பிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "யாரைப் பாத்து ஃப்ரீங்கிற? எங்க அக்காவோட நாத்தனா லண்டன்ல இருக்காக, தெரியுமா? நெனைச்சா உன் ஆஸ்பத்திரியவே வாங்கிப்புடுவாக!"

நான் இருப்பது லண்டனும் இல்லை, என்னால் அந்த ஆஸ்பத்திரியின் வாசல் மிதியடியைக்கூட வாங்க முடியாது. கவுண்டர்காரர் முகம் மலர்ந்துவிட்டதாம். "லண்டனா சார்? மொதல்லயே சொல்லக் கூடாதா? கார்டுன்னா அப்ரூவல் அது இதுன்னு இழுக்கும். கேஷ்னா நாளைக்கே வச்சிரலாம்." அதற்குப் பிறகு அட்டையை அவர் கையில் வாங்கவே இல்லை. அண்ணன் எழுந்து வந்துவிட்டார்.

கேட்டதும் தலையில் அடித்துக்கொண்டேன். அந்த அட்டையை வாங்க வருமானச் சான்று வேண்டும், அதற்குக் கிராம நிர்வாக அலுவலரிடம் போக வேண்டும். அங்கே போனபோதும் அண்ணன் சலவை வேட்டிதான் கட்டிக்கொண்டு போனார். நான் ஏழை என்று கையெழுத்து வாங்கப் போகிறவர் பார்க்க மிராசுதார் மாதிரி போனார். எங்கள் சனத்துக்கு இல்லாமை பழக்கம். இல்லாதவர்களாக வெளியில் தெரிவது மட்டும் இன்னும் பழகவில்லை. சர்க்காருக்கோ, அட்டை செல்ல வேண்டுமென்றால் கண்ணில் நீரோடு, கிழிந்த சேலையோடு நிற்க வேண்டும். அண்ணன் பாவம், அட்டையில் அப்படி எதுவும் எழுதவில்லையே என்று நினைத்திருப்பார்.

5

"நான் கட்டுறேண்ணே. கடனாக்கூட வச்சுக்கங்க" என்று சொல்லிப் பார்த்தேன்.

"கூடப் பொறந்தவ துட்டுல உசுரு பொழச்சுட்டு ஊருக்குள்ள எந்த மூஞ்சியோட நடக்கச் சொல்ற? நான் உனக்குச் செய்யணும். நீ எனக்குச் செய்யக் கூடாது. போனை வையி." வைத்தேவிட்டார்.

என் மகள் பக்கத்தில் இருந்தாள். கல்லூரியில் மனோதத்துவம் படிக்கிறாள். "ஜஸ்ட் பே பண்ணும்மா. அங்கிளோட ஈகோவுக்கு நீ ஏன் இவ்வளவு இடம் குடுக்குற?" என்றாள்.

அங்கிள். அந்த அங்கிளின் மடியில் உட்கார்ந்துதான் அவள் காது குத்திக்கொண்டாள். மழை பொய்த்த வருஷம் அது. தாய்மாமன் சீர் குறையக் கூடாது என்று இருந்த உழவு மாட்டை விற்றுவிட்டு, மேளத்தோடு தட்டு வரிசை கொண்டுவந்தார். இதெல்லாம் ஈகோவா என்று அவளிடம் விளக்க எனக்கு இங்கிலீஷும் போதவில்லை, அவளுக்குத் தமிழும் போதவில்லை. "மாமான்னு சொல்லுடி" என்று மட்டும் கத்தினேன். அவள் தோளைக் குலுக்கிவிட்டு மாடிக்குப் போய்விட்டாள்.

மறுவாரம் கிணற்றடிக்கு நடந்து போனதற்கே அண்ணனுக்கு மூச்சு வாங்கிவிட்டது. மதினி போனில் பேசவில்லை, அழ மட்டும் செய்தார். நான் அந்தக் கேஷ் ஆஸ்பத்திரிக்கே போன் போட்டேன். எடுத்தது ஒரு பெண். பணம் நான் அனுப்புகிறேன், அண்ணனுக்கு மட்டும் தெரியக் கூடாது, அட்டையில் போட்டதாகச் சொல்ல வேண்டும் என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன்.

அந்தப் பெண்ணுக்குத் தயக்கமே இல்லை. "அவ்வளவுதான மேடம்? வெளிநாட்டுல இருந்து நிறையப் பேரு இப்படிக் கேப்பாங்க. நாங்க கார்டை ஜெராக்ஸ் எடுத்துக்குவோம். கைரேகை வாங்குற மாதிரி வாங்கிக்குவோம். பெரியவங்களுக்குத் திருப்தியா இருக்கும்."

இங்கே வீடு வாங்க முன்பணம் கட்ட வைத்திருந்ததை எடுத்து அனுப்பினேன். என் வீட்டுக்காரர் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அப்புறம் பல நாள் வேறு எதைப் பற்றியும் பேசவும் இல்லை. கம்பி வைத்தார்கள். அண்ணன் பிழைத்தார். கண் விழித்ததும் மதினியிடம் கேட்ட முதல் கேள்வி, "அட்டை பத்திரமா இருக்கா?"

6

பொய் சொன்னதற்கு எனக்கு வெட்கமில்லை. உயிரோடு இருக்கிற அண்ணனிடம் சொன்ன பொய். இறந்துபோன அண்ணனிடம் உண்மையைச் சொல்லி என்ன செய்வது? இப்படித்தான் ஒரு வருஷம் தெம்பாக இருந்தேன்.

ஆனால் அண்ணன் சும்மா இருக்கிற ஆள் இல்லையே. அருப்புக்கோட்டை கமிஷன் கடையில், டீக்கடையில், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரரிடம், எங்கும் இதே பேச்சு. "நெஞ்சுவலின்னா யோசிக்காத. அட்டையை எடுத்துக்கிட்டு நேரா அங்கிட்டுப் போ. ராசா மாதிரி பாக்காக." சட்டைப் பித்தானைக் கழற்றி நெஞ்சைக் காட்டியிருக்கிறார். கம்பி வைப்பது கை வழியாக. நெஞ்சில் தழும்பே இருக்காது. அப்படியும் காட்டினாராம்.

எனக்குப் போன் வர ஆரம்பித்தது. பாலவனத்தத்திலிருந்து ஒரு பெண் பேசினார். "நான் ராசாத்தி. உங்க அண்ணன்தான் நம்பர் குடுத்தாக. எங்க வீட்டுக்காரருக்கும் அடைப்பாம். அட்டை எடுக்குறாராமே, அந்த டாக்டரு பேரு என்ன தாயி?"

"அந்த டாக்டர் இப்ப அங்க இல்லம்மா. வெளிநாடு போயிட்டாரு" என்றேன். வாயில் வந்தது அதுதான்.

"அவரும் போயிட்டாரா?" என்று அந்த அம்மாள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது. அவர் கணவருக்கு என்ன ஆயிற்று என்று நான் விசாரிக்கவில்லை. இன்னொருவரிடம் அந்த ஆஸ்பத்திரியில் இப்போது அட்டை எடுப்பதை நிறுத்திவிட்டார்கள் என்று சொன்னேன். வேறொருவருக்கு நான் போனையே எடுக்கவில்லை. ஊரில் நெஞ்சுவலி வராத மனிதனே கிடையாதோ என்று எரிச்சல்கூட வந்தது. பாருங்கள், யார் மேல் எரிச்சல் வருகிறது என்று.

இனி உண்மையாகவே ஒரு டாக்டரைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டால் என்ன என்று ஒருநாள் நினைத்தேன். ஷிஃப்ட் இருந்தது. மகனுக்குப் பரீட்சை இருந்தது. என் அண்ணன் நன்றாக இருந்தார்.

7

ஆறுமுகம் உயிரோடுதான் இருக்கிறார். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சர்க்கார் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுத்து வலியை நிறுத்தி, கம்பிக்குத் தேதி கொடுத்திருக்கிறார்கள். அந்தத் தேதி வரைக்கும் தாங்குவாரா என்று யாருக்கும் தெரியாது. அவரை மதுரைக்குக் கூட்டிப்போன அன்றைக்குப் பிறகு அண்ணன் எனக்குப் போன் செய்யவில்லை. நான் போட்டால் மதினிதான் எடுக்கிறார். "அவுக காட்டுக்குப் போயிருக்காக" என்கிறார்.

ஆறுமுகம் என் அண்ணனின் சேக்காளி. சொந்தமாக நிலம் இல்லை, ஆடுகள் மட்டும். சின்ன வயதில் இருவரும் சேர்ந்து சாக்கு விரித்து மிளகாய்க்குக் காவல் படுத்தவர்கள். பொங்கல் வைத்த அன்றுகூட விறகு சுமந்து வந்தது அவர்தான். அவருக்கு நெஞ்சு அடைத்ததும் அண்ணன் என்னைக் கேட்கவில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? அவருக்குத்தான் வழி தெரியுமே. ஆறுமுகத்தின் அட்டையையும், சாட்சிக்குத் தன்னுடையதையும் எடுத்துக்கொண்டு நேராக மதுரைக்கு அதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய்விட்டார்.

முதியோர் இல்லத்தில் ஒரு கிழவிக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தேன். போன் அதிர்ந்தது. அந்த நேரத்தில் அண்ணன் கூப்பிட மாட்டார். கிண்ணத்தை வைத்துவிட்டு வெளியில் ஓடினேன்.

"தாயி." பின்னால் வண்டிச் சத்தம். "ஹார்ட்டுக்கு இங்க அட்டை எடுக்குறது இல்லையாம். எப்பவுமே எடுத்தது இல்லையாம். போன வருசம் எனக்கு எடுத்தீகளேய்யான்னு சண்டை போட்டேன். கம்ப்யூட்டரைத் தட்டிப் பாத்துட்டு, உங்களுக்கு வெளிநாட்டுல இருந்து பணம் வந்துருக்குய்யாங்காக. ஆறுமுகம் பக்கத்துலதான் நிக்கான். அவனும் கேட்டான்."

நான் என்னென்னவோ சொன்னேன். அண்ணே, கோவிச்சுக்காதீங்க, உங்க உசுருக்காகத்தான் என்று அழுதேன். அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. பணத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

"ஆறுமுகம் அண்ணனுக்கும் நானே கட்டுறேண்ணே" என்றேன். கட்ட என்னிடம் எதுவும் இல்லை. இருந்தும் சொன்னேன்.

"அவனுக்கு எதுக்கு நீ கட்டணும்? அவனுக்கும் பொறந்தவ ஒருத்தி இருக்கா, நரிக்குடியில. அவளும் ஆடுதான் மேய்க்கிறா. கூப்புட்டா அழுதுக்கிட்டு ஓடியாருவா, அவகிட்ட வேற என்ன இருக்கு?" அவருக்கு மூச்சு வாங்கியது. "சரி, அதை விடு. இவனுக்கு வேர்த்துக் கொட்டுது. ஆட்டோவுல ஏத்திட்டேன். எங்கிட்டுப் போகணும்னு ஆட்டோக்காரன் கேக்கான். ஒரு வருசமா எல்லாரும் உன்ட்டத்தான கேட்டாக. நெஞ்சுக்கு அட்டை எடுக்குற டாக்டரு மதுரையில யாரு? வெரசாச் சொல்லு."

"தெரியாதுண்ணே" என்றேன்.